ஏர் ஃபிரையரில் பழ பை: எல்லையோர அடுக்களையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

பூரணத்தை மாவுக்குள் வைத்து மடித்து, கையில் பிடித்தே தின்னும் மேல்நாட்டுப் பலகாரம் ஹேண்ட் பை. அதை அப்படியே தமிழாக்கிக் 'கைப்பை' என்று எழுதினால், தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். அதனால் இதில் 'பழ பை' என்றே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இதன் பெயர் அதுவும் இல்லை. முதல் தடவை செய்து தட்டில் வைத்தபோது, அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சோமாசியா, பப்ஸா மக்களே?" என்று கேட்டாள். இரண்டுக்கும் நடுவில் என்றேன். அன்றிலிருந்து அது பழச் சோமாசி.

எங்கள் வீடு களியக்காவிளைக்கு இப்புறம். கொஞ்ச தூரம் போனால் கடைப் போர்டுகள் மலையாளத்துக்கு மாறிவிடும். பேக்கரிக் கண்ணாடிக்குள் இருக்கும் முட்டை பப்ஸ் மட்டும் மாறாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது போட்ட கோட்டை அடுக்களைகள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. சக்கையும் (பலா) ஏத்தம்பழமும் (நேந்திரம்பழம்) அன்னாசியும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆகவே ஆப்பிளையும் செர்ரியையும் தேடிப்போகாமல், நம் சந்தையில் கிடைக்கும் பழங்களை வைத்தே இந்தப் பையைச் செய்வோம்.

சமாச்சாரம் என்னவோ மேல்நாட்டுடையதுதான். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் சுரங்கத் தொழிலாளிகள் கையில் பிடித்தபடி தின்ற இறைச்சிப் பேஸ்ட்டி இதற்கு ஒருவகையில் பெரியண்ணன். அரைவட்டமாக மடித்து, ஓரத்தைக் கயிறு முறுக்கியதுபோல் மடக்கியிருப்பார்கள். சோமாசியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வடிவம் புதிதே இல்லை. வித்தியாசம் உள்ளே இருக்கிறது. சோமாசிக்குள் வைப்பது பொட்டுக்கடலைப் பொடி, சீனி, வறுத்த தேங்காய். சொட்டு ஈரம் கிடையாது. அதனால்தான் அது எண்ணெய்க்குள் வெடிப்பதில்லை.

இது எனக்கு உறைக்க ஒரு கூடை வீணாக வேண்டியிருந்தது. நன்றாகப் பழுத்த செங்கவருக்கை மாம்பழத்தை நறுக்கி, சீனியில் பிரட்டி, பச்சையாகவே மாவுக்குள் வைத்து மூடினேன். ஏழாவது நிமிடம் புகை. திறந்தால் நான்கு பையும் வாயைப் பிளந்து கிடந்தன. வழிந்த சாறு கூடையின் அடியில் தார்போல ஒட்டிக் கருகியிருந்தது. அவசரத்தில் கம்பி நார் போட்டுத் தேய்த்த கீறல் இன்றைக்கும் கூடையில் இருக்கிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வரட்டாம உள்ள வச்சா தண்ணி விடாம என்ன செய்யும்?" என்றாள்.

செய்முறை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. பழத்தின் தண்ணீர், பழம் மாவுக்குள் போகும் முன்பே வெளியேறியிருக்க வேண்டும். கூடவே இன்னொன்று: வெண்ணெய், ஏர் ஃபிரையருக்குள் போகும்வரை உருகவே கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் மற்றதில் கொஞ்சம் முன்னேபின்னே ஆனாலும் பை பிழைத்துக்கொள்ளும்.

ஏர் ஃபிரையர் பொரிப்பதில்லை

பெயரில்தான் பொரிப்பு. உண்மையில் அது ஒரு சின்ன ஓவன். மேலே சூடாகும் கம்பிச்சுருள், அதற்கு மேல் மின்விசிறி. சூட்டுக் காற்றைக் கூடைக்குள் சுழற்றிச் சுழற்றி அடிக்கும். பிலிப்ஸ் நிறுவனம் 2010-ல் இதைக் கொண்டுவந்தது. இப்போது யார் வீட்டுத் திருமணத்துக்குப் போனாலும் பரிசுக் குவியலில் ஒன்று இருக்கிறது.

பொரிக்கும்போது எண்ணெய் மாவுக்குள் ஏறி அதை மொறுமொறுப்பாக்குகிறது. இங்கே வெளியில் எண்ணெய் இல்லை. அப்படியானால் கொழுப்பு மாவுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். சாதாரணச் சோமாசி மாவை ஏர் ஃபிரையரில் வைத்தால் அட்டைபோல ஆவது இதனால்தான். 'எண்ணெய் இல்லாத பலகாரம்' என்று யாராவது இந்தப் பையைச் சிபாரிசு செய்தால் சிரித்துக்கொள்ளுங்கள்: கீழே சொல்லும் அளவில் ஒவ்வொரு பையிலும் பன்னிரண்டரை கிராம் வெண்ணெய் இருக்கிறது.

என்னிடம் இருப்பது நாலு லிட்டர் கூடை. ஒரு தடவைக்கு நான்கு பை கொள்ளும். நெருக்கினால் காற்று சுற்றாது, தொட்டுக்கொண்டிருக்கும் ஓரங்கள் வெளுப்பாகவே நின்றுவிடும். 1500 வாட் கருவி ஆறரை ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் பெரிய பிளக் பாயிண்டில்தான் போட வேண்டும். மிக்ஸி போடும் சின்ன பாயிண்டில் அடாப்டர் வைத்து மாட்டாதீர்கள்.

தேவையானவை (8 பைக்கு)

மைதா 200 கிராம்
வெண்ணெய் 100 கிராம்
சீனி 1 மேசைக்கரண்டி
உப்பு அரைத் தேக்கரண்டி (உப்பு போட்ட வெண்ணெய் என்றால் ஒரு சிட்டிகை)
எலுமிச்சைச் சாறு 1 தேக்கரண்டி
ஐஸ் தண்ணீர் 50 முதல் 60 மில்லி
பூரணம் 200 கிராம்
மேலே தடவ ஒரு முட்டை அல்லது கொஞ்சம் பால்

எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி பட்டியலை எழுதும்போது ஒரு எச்சரிக்கை தேவை. எல்லைக்கு அப்புறம் கேரளத்துப் பாறசாலைக் கடையில் 'சர்க்கரை' கேட்டால் வெல்லத்தை நிறுத்துத் தருவார்கள். வெள்ளை வேண்டுமென்றால் 'பஞ்சசாரா'. இந்தக் குறிப்பில் சீனி என்றால் வெள்ளை, வெல்லம் என்றால் வெல்லம். சர்க்கரை என்ற சொல்லையே எடுத்துவிட்டேன்.

பூரணம்: முந்தின நாளே முடித்துவிடுங்கள்

பூரணம் ஆறி, ஃபிரிட்ஜில் குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாக வைத்தால்கூட அடியில் இருக்கும் வெண்ணெய் உருகி மாவு தொய்ந்துவிடும். ஆகவே இதை முந்தின நாள் வேலையாக வைத்துக்கொள்வதுதான் நல்லது. மறுநாள் பை உண்மையிலேயே சீக்கிரம் முடியும்.

முதலில் சக்க வரட்டி, அதாவது பலாச்சுளையை வெல்லம் சேர்த்துக் கிளறி வற்றவைத்தது. பலாதான் தமிழ்நாட்டுக்கும் மாநிலப் பழம், 2018-ல் கேரளாவும் அதையே மாநிலப் பழமாக அறிவித்தது. இந்தப் பைக்கு இதைவிடப் பொருத்தமான பூரணம் உலகத்தில் இல்லை என்பது என் கட்சி. தண்ணீரை விரட்டும் வேலையை நம் பாட்டிமார் ஏற்கெனவே உருளியில் செய்து, பரணிச் சாடியில் அடைத்து வைத்துவிட்டார்கள்.

சாடியில் இல்லாதவர்களுக்கு: கெட்டிச் சுளையுள்ள வருக்கச் சக்கையின் சுளை, கொட்டை நீக்கி ஒரு கிலோ. சுளை குழைந்திருக்கும் கூழச் சக்கையும் ஆகும், நார் அதிகம், அரைத்தபின் சல்லடையில் தேய்க்க வேண்டும். கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் மூன்று விசில், ஆறியதும் மிக்ஸியில் அரைப்பு. அடி கனத்த உருளியில் இரண்டு கரண்டி நெய் விட்டு விழுதைக் கொட்டி, முதல் இருபது நிமிடம் வெறுமனே கிளறுங்கள். அதன்பின் அரைக் கிலோ வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்ற வேண்டும். ஊற்றியதும் இளகும், பயப்படாதீர்கள். இளகி, கொதித்து, மீண்டும் இறுகும். கொதிக்கும் நேரத்தில் கொப்புளம் வெடித்து முழங்கைவரை தெறிக்கும், நீளமான சட்டுவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது நிறுத்துவது? சட்டுவத்தால் உருளியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். முதலில் கோடு உடனே மூடிக்கொள்ளும். பிறகு மூன்று எண்ணும்வரை நிற்கும். கடைசியில் இரண்டு பக்கமும் சுவர்போல நின்று, நடுவில் உருளியின் அடி தெரியும். ஓரத்தில் நெய் பிரியும். விழுது ஒரே கட்டியாகச் சட்டுவத்தோடு சுற்றி வரும். ஒரு துளியைத் தண்ணீர் தொட்ட விரலில் உருட்டினால் ஒட்டாமல் உருளும். வருடக்கணக்கில் வைக்க வேண்டுமானால் அதற்கு மேலும் கிளறுவார்கள். பைக்கு இது போதும். சுக்கும் ஏலமும் போட்டு இறக்குங்கள்.

சாடியில் ஏற்கெனவே இருந்த பழைய வரட்டி என்றால் கட்டியாக இருக்கும்; அப்படியே வைத்தால் பைக்குள் அல்வாத்துண்டு மாதிரி நிற்கும். 180 கிராம் வரட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பால், சிட்டிகை உப்பு சேர்த்து, சிறுதீயில் இரண்டு நிமிடம் பிசைந்து இளக்குங்கள். நெய்யில் சிவக்க வறுத்த தேங்காய்க் கொத்து இரண்டு கரண்டி போட்டால், கடிக்கும்போது இடையிடையே பல்லில் படும். இதை விட்டுவிடாதீர்கள்.

ஏத்தம்பழம் இரண்டாவது. தோல் மஞ்சளாக இருக்கும்போது அல்ல. கரும்புள்ளி விழுந்து, காம்புப் பக்கம் லேசாகச் சுருங்கும்போது. இரண்டு பெரிய பழத்தைப் பொடியாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி நெய்யில் ஓரம் சிவக்க வதக்கி, நாற்பது கிராம் கருப்பட்டித் தூளும் ஏலமும் போட்டுச் சுருள விடுங்கள். எட்டு நிமிட வேலை. ஏத்தனில் மாவுச்சத்து இருப்பதால் கெட்டியாக்க வேறொன்றும் தேவையில்லை. பழம்பொரி பிடிக்கும் வீட்டில் இதுதான் முதலில் காலியாகும்.

மற்ற வாழைப்பழங்களைப் பற்றிக் கேட்பீர்கள். மட்டிப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மணத்துக்கு அது தகும். ஆனால் சட்டியில் போட்டால் கூழ். அதைத் தோலை உரித்து அப்படியே தின்பதுதான் மரியாதை.

அன்னாசி. எங்கள் பாட்டிக்கு இது கைதச்சக்கை. தண்ணீர் மிகுந்த பழம், ஆனாலும் அந்தப் புளிப்பு வெண்ணெய் மாவோடு சேரும்போது நன்றாக இருக்கும். பொடியாக நறுக்கியது 350 கிராம், சீனி 60 கிராம், ஒரு துண்டு பட்டை. மூடாமல் நடுத்தீயில் வையுங்கள். சீனி பட்டதும் பழம் சாற்றையெல்லாம் விட்டுவிடும், சட்டி குளம்போல ஆகும். பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் அந்தக் குளம் வற்றிப் பழம் பளபளக்கும்போது, இரண்டு தேக்கரண்டி கூவைப்பொடியை (ஆரோரூட் மாவு) ஒரு மேசைக்கரண்டி பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கண்ணாடிபோல ஆனதும் உடனே இறக்குங்கள். கார்ன்ஃப்ளாரும் போடலாம். ஆனால் புளிப்புப் பழத்தோடு நெடுநேரம் கொதித்தால் அது இளகும், நிறமும் மங்கல். கூவைக்கிழங்கு மாவு பல வீடுகளில் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுக்க வாங்கி வைத்திருப்பதுதான். அலமாரியில் பின்வரிசையில் தேடிப் பாருங்கள்.

மாம்பழத்துக்கு மட்டும் கொஞ்சம் தந்திரம் வேண்டும். வற்றும்வரை வேகவிட்டால் துண்டு கரைந்து ஜாம் ஆகிவிடும். ஆகவே கெட்டியான பழமாக 300 கிராம் நறுக்கி, 30 கிராம் சீனியும் எலுமிச்சைச் சாறும் பிரட்டி இருபது நிமிடம் வையுங்கள். சீனி சாற்றை வெளியே இழுத்துவிடும். வடிகட்டியில் கொட்டி, அந்தச் சாற்றை மட்டும் தேன்பதத்துக்குச் சுண்டவிட்டு, அப்புறம் பழத்தைப் போட்டு மூன்றே நிமிடம். கூவைக் கரைசல் அதே அளவு. துண்டு துண்டாகவும் நிற்கும், தண்ணீரும் விடாது. கூடையைக் கெடுத்த பழத்தோடு எனக்குச் சமாதானம் ஆனது இந்த வழியில்தான்.

எந்தப் பூரணமானாலும் ஒரே சோதனை. தட்டில் ஒரு கரண்டி வைத்துத் தட்டைச் சாய்த்தால் குவியல் நகரலாம். அதன் காலடியில் தண்ணீர்க் கோடு ஓடக்கூடாது. ஓடினால் இன்னும் இரண்டு நிமிடம் அடுப்பில்.

மாவு: விரல் படாமல்

வெண்ணெய் 20 டிகிரியைத் தாண்டினாலே குழைய ஆரம்பிக்கும், 35-க்குள் முழுதாக உருகிவிடும். மே மாதத்து மத்தியானத்தில் நம் அடுக்களையின் சூடு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். நம் கைச்சூடும் அதற்குச் சளைத்ததல்ல. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்பில் 'வெண்ணெயை விரல் நுனியால் மாவில் தேய்க்கவும்' என்றிருக்கும். இங்கே அப்படித் தேய்த்தால் ஐந்தாவது நிமிடம் பிசுபிசுவென்று பூரி மாவு மாதிரி ஒன்று கையில் இருக்கும்.

வெண்ணெய் ஏன் துண்டாகவே இருக்க வேண்டும் என்றால், அதற்குள் நூற்றுக்குப் பதினாறு பங்கு வரை தண்ணீர் இருக்கிறது. மாவின் மடிப்புகளுக்கு நடுவே தட்டையாகக் கிடக்கும் வெண்ணெய்த் துண்டு, சூட்டில் உருகும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி மேல் மடிப்பைத் தூக்கிவிடும். பப்ஸில் ஏடு ஏடாகப் பிரிவது இப்படித்தான். முன்பே உருகி மாவோடு கலந்துவிட்டால் தூக்க எதுவும் இருக்காது. பிஸ்கட் மாதிரி பொருபொருவென்று வரும். நெய்யில் செய்தாலும் அப்படித்தான், நெய்யில் தண்ணீரே இல்லையே. அதுவும் மோசமில்லை, ஆனால் அது வேறு பலகாரம். வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர் நிறைய இருக்கும், துணியில் கட்டிப் பிழிந்து உறைய வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சரி, செய்வோம். வெண்ணெயை ஒரு மணி நேரம் ஃபிரீசரில் வையுங்கள். மைதா, சீனி, உப்பு கலந்த பாத்திரத்தையும் ஃபிரிட்ஜில் வையுங்கள். காரட் துருவும் துருவியில் வெண்ணெயை நேராக மாவின் மேலேயே துருவுங்கள். பேப்பரோடு பிடித்துக்கொண்டால் கைச்சூடு படாது. நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை முள்கரண்டியால் மாவைப் புரட்டிவிட்டால் துருவல் ஒன்றோடொன்று ஒட்டாது. எலுமிச்சைச் சாறு கலந்த ஐஸ் தண்ணீரை மூன்று மேசைக்கரண்டி தெளித்து, முள்கரண்டியாலேயே கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து அமுக்கினால் கொழுக்கட்டைபோல நிற்க வேண்டும். உதிர்ந்தால் இன்னும் ஒரு தேக்கரண்டி. மழைக்காலத்தில் மைதாவே ஈரத்தை வாங்கியிருக்கும், ஐம்பது மில்லியிலேயே நின்றுவிடும்.

பிசையாதீர்கள். சப்பாத்திக்குப் பழகிய கை தானாக அழுத்தப் பார்க்கும், அடக்கிக்கொள்ளுங்கள். பிசைந்தால் மாவு இழுவை பிடித்து, தேய்க்கும்போது சுருங்கும், வெந்தபின் கடிபடாது. உதிரி உதிரியாக இருக்கும்போதே பாலித்தீன் உறைக்குள் கொட்டி, உறையோடு சேர்த்து அமுக்கி ஒரு வட்டமாக்கி, அரைமணி நேரம் ஃபிரிட்ஜ்.

இன்னொரு சின்ன வேலை, செய்தால் பலன் பெரிது. குளிர்ந்த மாவை நீளமாகத் தேய்த்து, சேலை மடிப்பதுபோல மூன்றாக மடித்து, மீண்டும் பத்து நிமிடம் குளிர வையுங்கள். ஏடுகள் கூடும். அவசரமென்றால் விட்டுவிடலாம்.

தேய்த்து, அடைத்து, மூடி

பலகையில் மைதா தூவி, இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கினால் வரும் கனத்துக்குத் தேயுங்கள், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அதைவிட மெல்லியதானால் பூரணம் குத்திக்கொண்டு வரும். தடித்தால் மடிப்பு ஓரம் உள்ளே வேகாது. வட்டம் 12 சென்டிமீட்டர். வீட்டில் பாட்டுக் கேட்காத பழைய சிடி கிடந்தால் அது சரியாக அந்த அளவுதான். பாலித்தீன் தாள் போட்டு அதன்மேல் வைத்துக் கத்தியால் சுற்றி வெட்டுங்கள். எவர்சில்வர் டப்பா மூடியும் போதும். மிஞ்சும் ஓரங்களை உருட்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தேய்த்தால் கடைசி இரண்டு பை கிடைக்கும்.

ஒரு பையை மட்டும் நிதானமாகச் செய்து காட்டுகிறேன். வட்டம் உள்ளங்கையில் அல்ல, பலகையிலேயே இருக்கட்டும். குளிர்ந்த பூரணம் ஒரு மேசைக்கரண்டி, இருபத்தைந்து கிராமுக்கு மேல் வேண்டாம், வட்டத்தின் கீழ்ப்பாதியில் நீளவாக்கில் வையுங்கள். ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெற்றாக இருக்க வேண்டும். அந்த வெற்றிடத்தில் பூரணம் பட்டுவிட்டால் துடைத்துவிடுங்கள், சீனி பட்ட ஓரம் ஒட்டவே ஒட்டாது. கீழ் ஓரத்தில் மட்டும் விரலால் தண்ணீர் தொட்டுத் தடவி, மேல்பாதியைப் போர்த்துங்கள். உடனே ஓரத்தை அமுக்காதீர்கள். முதலில் பூரணத்தைச் சுற்றி, உள்ளிருந்து வெளியே நோக்கி, விரலின் பக்கவாட்டால் மெல்ல அழுத்தி உள்காற்றைத் தள்ளுங்கள். உள்ளே தங்கிய காற்று சூட்டில் ஊதி வாயைப் பிளக்கும். காற்று போனபின் ஓரத்தை அமுக்கி, மைதாவில் தொட்ட முள்கரண்டியால் வரிவரியாகப் பதியுங்கள். சோமாசிக் கரண்டி இருந்தால் அதன் சக்கரத்தை ஓட்டி ஓரத்தை அழகாக வெட்டலாம். ஆனால் அமுக்காமல் சக்கரம் மட்டும் ஓட்டினால் போதாது. சோமாசிபோல் விரலால் பின்னத் தெரிந்தவர்கள் பின்னுங்கள், அதற்கு ஈடில்லை. எனக்கு வராது, மைனி (அண்ணி) பின்னுவாள்.

மேலே கத்தி நுனியால் இரண்டு கீறல். இது அலங்காரம் இல்லை, ஆவி போகும் வாசல். பூரணம் தெரியும் அளவுக்கு ஆழமாக இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் தட்டோடு பதினைந்து நிமிடம் ஃபிரீசரில். இதைத் தவிர்த்துவிடத் தோன்றும். தவிர்த்தால் சூட்டுக் காற்று பட்டதும் வெண்ணெய் முதலில் ஓடும், வடிவம் சப்பையாகும்.

சூடும் நேரமும்

180 டிகிரியில் மூன்று நிமிடம் வெறும் கூடையைச் சூடேற்றுங்கள். பட்டர் பேப்பரை அப்போதே போட்டுவிடாதீர்கள். மேலே கனம் இல்லாத தாள் காற்றில் எழும்பிக் கம்பிச்சுருளில் பட்டுக் கருகும். பையைத் தாளில் அடுக்கித் தாளோடு இறக்குவதுதான் சரி. தாள் கூடையின் அடியைவிடச் சிறியதாக இருந்தால் காற்று சுற்றும்.

இறக்குவதற்கு முன் முட்டையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடித்து, மேல்பாகத்தில் மட்டும் தடவுங்கள். ஓரத்தில் வழிந்து ஏடுகளை ஒட்டிவிடக் கூடாது. முட்டை பளபளப்பு தரும், பால் மங்கலான சிவப்பு தரும். மேலே கொஞ்சம் சீனி தூவினால் நொறுநொறுக்கும்.

எட்டு நிமிடம் ஒரு பக்கம். திறந்து பாருங்கள், மேல்பக்கம் பொன்னிறமாகியிருக்கும், அடி வெளுப்பாக இருக்கும். கம்பிச்சுருள் மேலே இருப்பதால் அப்படித்தான். தட்டையான சட்டுவத்தால் மெதுவாகத் திருப்பி, இன்னும் மூன்று முதல் ஐந்து நிமிடம். இரண்டு பக்கமும் தேன்நிறம், கீறல் வழியாகப் பூரணம் கொப்புளிப்பது தெரியும், தட்டினால் உள்ளே வெறுமையான சத்தம் கேட்கும். முதல் முறை ஒரே ஒரு பையை வைத்துப் பாருங்கள். கருவிக்குக் கருவி பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் இருக்கும். மேலே கருகி உள்ளே பச்சையாக இருந்தால் 170-க்கு இறக்கி நேரத்தைக் கூட்டுங்கள். மீதி நான்கும் தங்கள் முறை வரும்வரை ஃபிரிட்ஜிலேயே காத்திருக்கட்டும், மேடையில் அல்ல.

சாதா ஓவன் வைத்திருப்பவர்கள் 200 டிகிரியில் இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம்.

எடுத்ததும் கம்பித் தட்டில் ஆற வையுங்கள். எவர்சில்வர் தட்டில் போட்டால் அடியில் ஆவி வியர்த்து நமத்துவிடும். பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். வெந்த வெல்லமும் பழமும் நெடுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், பிள்ளைகள் நாக்கைச் சுட்டுக்கொள்வது இப்போதுதான். அன்னாசிப் பைக்குச் சூடாக இருக்கும்போதே மார்த்தாண்டம் தேன் ஒரு சொட்டு தடவுவேன். வரட்டிக்கு எதுவும் வேண்டாம்.

இதைவிடச் சீக்கிரம் வேண்டுமா?

'பத்து நிமிடத்தில் பை' என்று சொல்லும் வீடியோக்களில் மீதி நேரமெல்லாம் வெட்டப்பட்டிருக்கும். மேலே சொன்ன முறையில், பூரணம் தயாராகவும் வெண்ணெய் உறைந்தும் இருந்தால், கைவேலை நாற்பது நிமிடம், குளிரவும் வேகவும் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

நிஜமாகவே விருந்தாளி வாசலில் நிற்கிறார் என்றால், ஃபிரீசரில் இருக்கும் உறைந்த மலபார் பரோட்டா கைகொடுக்கும். ஏடும் கொழுப்பும் அதிலேயே இருக்கிறதே. பத்து நிமிடம் வெளியே வைத்து வளையும் பதம் வந்ததும், லேசாகத் தேய்த்து, பூரணம் வைத்து மடியுங்கள். அரைவேக்காட்டுப் பரோட்டாவுக்குத் தண்ணீர் மட்டும் தடவினால் ஒட்டாது, மைதாவைப் பசையாகக் குழைத்துத் தடவி முள்கரண்டியால் பலமாக அமுக்க வேண்டும். 180-ல் பன்னிரண்டு நிமிடம். பப்ஸ் சாயல் நன்றாகவே வரும். வெண்ணெய் மணம் இருக்காது, ஆனால் சாடியில் வரட்டி இருந்தால் யாரும் அதைக் கேட்பதில்லை.

கோதுமை மாவில் செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு வரை சரி. முழுக்கக் கோதுமை என்றால் சாயங்காலத்துக்குள் தோல் மாதிரி ஆகிவிடும்.

மிஞ்சினால்

செய்த அன்று வெளியே இருக்கலாம். ஃபிரிட்ஜில் மூன்று நாள். மொறுமொறுப்பு போயிருக்கும், 160 டிகிரியில் நாலு நிமிடம் வைத்தால் திரும்பிவிடும். மைக்ரோவேவில் வைத்தால் திரும்பாது. வேகவைக்காத பையைத் தட்டில் தனித்தனியாக உறையவைத்து, பிறகு உறையில் கொட்டி ஒரு மாதம் வரை ஃபிரீசரில் வைக்கலாம். இளக்காமல் அப்படியே 170-ல் பதினைந்து பதினேழு நிமிடம்.

திருவனந்தபுரத்தில் படிக்கும் அண்ணன் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தனுப்புவது வழக்கம். ஒருமுறை அவசரத்தில் சூட்டோடு டப்பாவில் அடைத்துவிட்டேன். பஸ் இறங்கித் திறந்து பார்த்தவன் போனில், "அத்தே, கொழுக்கட்டை நல்லாருக்கு" என்றான். இப்போதெல்லாம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எடுத்து ஆறவைத்து, டப்பாவின் அடியிலும் மேலும் டிஷ்யூ தாள் மடித்து வைத்து, மூடியைக் கடைசியாகத்தான் போடுகிறேன்.